ஆங்கிலப் பாடத்தில் தலைகீழ் வகுப்பறை



செயப்பாட்டுவினையின் விதியை மனப்பாடமாக ஒப்புவிக்கும் மாணவர்கள்கூட, பரீட்சையில் ஐந்து ஆங்கில வசனங்களைத் தொடர்ந்து எழுதத் தடுமாறுவதைக் காண்கிறோம். இதற்குக் காரணம் யாது?

வகுப்பில் ஆசிரியர் விதியை விளக்கி முடிக்கும்போது மணி அடித்துவிடுகிறது. எழுதும் பயிற்சி வீட்டுவேலையாகிறது. இரவு எட்டு மணிக்கு லயத்து வீட்டில் அமர்ந்து, "இந்த வசனம் சரியா?" என்று யாரிடம் கேட்பது? முடிவில் நண்பனின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறோம். உதவி அதிகம் தேவைப்படும் வேலையை, உதவி செய்ய ஆளில்லாத இடத்தில் செய்கிறோம். இந்த ஒழுங்கை மாற்றுவதே தலைகீழ் வகுப்பறை முறையாகும்.

1. தலைகீழ் வகுப்பறை என்றால் என்ன?

பாட விளக்கத்தை வீட்டில் முன்கூட்டியே கற்று, பயிற்சியை வகுப்பில் ஆசிரியர் முன்னிலையில் செய்வதாகும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இரசாயனவியல் கற்பித்த ஜொனதன் பேர்க்மன், ஆரன் சாம்ஸ் என்னும் இரு ஆசிரியர்கள் 2007இல் தமது பாடங்களை வீடியோவாகப் பதிவு செய்யத் தொடங்கினர். பாடசாலைக்கு வரமுடியாத மாணவர்களுக்காகவே முதலில் இதனைச் செய்தனர். பின்னர் எல்லா மாணவர்களும் வீட்டில் வீடியோவைப் பார்த்துவர, வகுப்பு நேரம் பயிற்சிக்கும் சந்தேகம் தீர்ப்பதற்கும் கிடைத்தது. 2012இல் இம்முறை பற்றி இருவரும் நூல் எழுதினர்.

2. எமது பிரதேசத்தில் இது சாத்தியமா?

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், சிக்னல் இல்லாத இடங்களின் நிலை வெளியே தெரிந்தது. 2021இல் பொஹிதியாவ கிராமத்து மாணவர்கள் சிக்னல் தேடி மலைப்பாறையில் ஏறிப் படித்தனர். ஆகவே வீடியோ இருந்தால்தான் இம்முறை நடக்கும் என எண்ண வேண்டாம். வசதியுள்ளோர் வீடியோ பார்க்கலாம். மற்றவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூலின் ஒரு பக்கமே போதும். எதனைத் தனியே செய்யலாம், எதற்கு ஆசிரியர் தேவை என்று பிரித்தறிவதே முக்கியம்.

3. மாதிரிப் பாடம்: செயப்பாட்டுவினை (பெசிவ் வொய்ஸ்)

(அ) வீட்டில் (20 நிமிடம்)

தமிழில் "பறிக்கப்படுகிறது" என்னும்போது "படு" என்பது வினையுடன் ஒட்டி வருகிறது. ஆங்கிலத்தில் அவ்வேலையைச் செய்யும் "இஸ்", "ஆர்" என்பன வினைக்கு முன்னால் தனியே நிற்கின்றன. வினை மூன்றாம் வடிவத்தில் வரும். தேயிலை தயாராகும் முறையைப் பாருங்கள்.

கொழுந்து பறிக்கப்படுகிறது - த லீவ்ஸ் ஆர் பிளக்ட்.
வாட்டப்படுகிறது - தே ஆர் விதர்ட்.
உருட்டப்படுகிறது - தே ஆர் ரோல்ட்.
புளிக்கவைக்கப்படுகிறது - தே ஆர் பெர்மென்டட்.
உலர்த்தப்படுகிறது - தே ஆர் டிரைட்.
தூள் தரம் பிரிக்கப்படுகிறது - த டீ இஸ் கிரேடட்.

கடைசி வசனத்தில் "டீ" ஒருமை. எனவே "இஸ்" வந்தது. வாசித்த பின் ஒரு தாளில் மூன்று விடயங்களை எழுதுங்கள்: விளங்கிய விதி ஒன்று, சொந்த வசனம் ஒன்று, சந்தேகம் ஒன்று.

(ஆ) வகுப்பில்

நால்வர் கொண்ட குழுக்களாக அமர்ந்து, கொண்டுவந்த வசனங்களை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுங்கள். ஆசிரியர் குழு குழுவாக வந்து திருத்துவார். பின்னர் ஒவ்வொருவரும் ஒரு பந்தி எழுத வேண்டும்.

எமது வகுப்பில் அடிக்கடி காணப்படும் பிழைகள்:

• "த லீவ்ஸ் பிளக்ட்": "ஆர்" விடுபட்டதால் இலைகளே எதையோ பறித்தன என்று பொருளாகிறது.
• "த லீவ்ஸ் ஆர் பிளக்கிங்": இலைகள் பறித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருளாகிறது.
• "த லீவ்ஸ் இஸ் டிரைட்": பேச்சுத் தமிழில் "இலைகள் காயவைக்கப்படுது" என்கிறோம். ஆங்கிலத்தில் பன்மைக்கு "ஆர்" கட்டாயம்.
• "த டீ இஸ் சென்டட் டு கொலம்போ": "சென்ட்" என்பதே மூன்றாம் வடிவம். அதனுடன் எதனையும் சேர்க்கக் கூடாது.

இப்பிழைகளை விதியை வாசிப்பதால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. எழுதும்போது அருகில் ஒருவர் இருந்தால் உடனே பிடித்துவிடலாம்.

4. கவனத்திற் கொள்க

• வாசிக்காமல் வந்தவருக்காக ஆசிரியர் முழுப் பாடத்தையும் மீண்டும் விளக்கினால், அடுத்த முறை ஒருவரும் வாசித்து வரமாட்டார்கள். வாசிக்காதவர் முதல் பத்து நிமிடம் தனியே அமர்ந்து வாசித்துவிட்டுக் குழுவில் சேரட்டும்.
• தண்ணீர் எடுப்பது, தம்பி தங்கையைப் பார்ப்பது என வீட்டில் வேலை அதிகமுள்ளவர்கள், வகுப்புக்கு அரைமணி முன்னதாக வந்து வாசிக்கலாம்.
• எல்லாம் விளங்கவில்லையே என்று வகுப்புக்கு வராமல் நின்றுவிடாதீர்கள். விளங்காத இடத்தைக் குறித்து வருவதும் ஆயத்தமே.

5. அடுத்த வகுப்புக்கான ஆயத்தம்

கொழுந்து நிறுக்கப்படுவது முதல் தூள் பொதி செய்யப்படுவது வரை நடப்பதை உங்கள் அம்மாவிடமோ, பெக்டரியில் வேலை செய்யும் ஒருவரிடமோ தமிழில் கேட்டறியுங்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் வேலை தெரியும். கேட்டதை ஆறு ஆங்கில வசனங்களாக எழுதுங்கள். யாருடைய கொப்பியையும் பார்க்க வேண்டாம். பிழை இருந்தால் அப்படியே கொண்டு வாருங்கள். வகுப்பில் சேர்ந்து திருத்துவோம்.