கம்பெனி நொடித்துப்போனால் கூலி என்னாகும்?

வீட்டில் ஒருவர் மவுத்தானால், ஜனாஸாத் தொழுகைக்கு முன் வாரிசு முன்னால் வந்து, மய்யித்துக்குக் கடன் இருந்தால் தன்னிடம் கேட்கும்படி அறிவிப்பார். அடக்கச் செலவு, பிறகு கடன், அதன் பிறகு வஸிய்யத், கடைசியில்தான் வாரிசுகளின் பங்கு. இது நம் பிள்ளைகளும் அறிந்த வரிசை.

ஒரு கம்பெனி நொடித்துப்போனாலும் அதன் சொத்தைப் பிரிக்க ஒரு வரிசை உண்டு. அதில் தொழிலாளியின் கூலி எங்கே நிற்கிறது, அந்த இடம் பறிபோகாமல் இருக்க நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை இம்மாதம் பார்ப்போம்.

சட்டம் தரும் இடம்

2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டம், 53-ஆம் பிரிவில் இந்த வரிசையைச் சொல்கிறது. முதலில் வழக்கு நடைமுறைச் செலவு. இரண்டாம் இடத்தில் தொழிலாளர்களின் கடைசி 24 மாத பாக்கி. அடமானத்தை விட்டுக்கொடுத்து வரிசைக்கு வரும் வங்கியும் இதே இடத்தில், சமமாக நிற்கிறது. பணம் போதாவிட்டால் இருவருக்கும் விகிதப்படிதான் கிடைக்கும். மேலாளர் போன்ற மற்ற ஊழியர்களுக்கு மூன்றாம் இடம்; அவர்களுக்கு 12 மாத பாக்கி மட்டும். அரசுக்கான வரி பாக்கி இவர்களுக்கும் பின்னால்தான். முதலாளியின் பங்கு கடைசி.

பி.எஃப்., ஓய்வூதிய நிதி, கிராஜுவிட்டி நிதி ஆகியவற்றிலிருந்து வர வேண்டிய பணம் இந்த வரிசையிலேயே சேராது. 36-ஆம் பிரிவின்படி அது கம்பெனியின் சொத்து அல்ல, தொழிலாளிக்குரிய அமானத். 2019-இல் பறப்பதை நிறுத்திய ஜெட் ஏர்வேஸ் வழக்கில், பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கியை முழுமையாகக் கொடுக்கும்படி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022-இல் உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

காத்திருந்தால் வரும் நஷ்டம்

அந்த 24 மாதம், கூலி நின்ற நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. கம்பெனியைக் கலைக்க உத்தரவான நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. ஓர் உதாரணம்: 2022 ஜனவரியில் சம்பளம் நின்றது; கலைப்பு உத்தரவு 2025 ஜனவரியில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 2023 ஜனவரிக்குப் பிந்திய பாக்கிக்குத்தான் இரண்டாம் இடம். 2022-ஆம் ஆண்டுக் கூலி மற்றக் கடன்களோடு மிகவும் கீழே போய்விடும். "முதலாளி நல்லவர், எப்படியும் தருவார்" என்று பல மாதம் சும்மா இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்து விளங்கும்.

நாம் செய்ய வேண்டியவை

1. வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புக், பி.எஃப். எண் ஆகியவற்றின் நகலை வீட்டில் வையுங்கள். சம்பளம் ரொக்கமாக வந்தால், வாங்கும்போதெல்லாம் தேதியோடு எழுதிவையுங்கள்.

2. வழக்கு ஏற்கப்பட்டதும் ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வரும். தீர்வு நிபுணர் நியமனமான 14 நாட்களுக்குள் 'டி' படிவத்தில் பாக்கியைக் கோர வேண்டும். நேரிலோ தபாலிலோ மின்னஞ்சலிலோ கொடுக்கலாம். பலர் சேர்ந்து ஒருவரைப் பிரதிநிதியாக்கியும் கொடுக்கலாம். கலைப்பு உத்தரவானால் கோர 30 நாட்கள்.

3. முதலாளி மீது தொழிலாளர்களே வழக்குத் தொடுக்கவும் வழி உண்டு. பாக்கி 1 கோடி ரூபாயாவது இருக்க வேண்டும் என்பதால் தனி ஆளால் முடியாது. ஆனால் எல்லோருக்காகவும் தொழிற்சங்கம் மனுச் செய்யலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

ஒன்றைக் கவனியுங்கள். இவையெல்லாம் பதிவு பெற்ற கம்பெனிகளுக்குத்தான். தனி முதலாளியின் கடையிலோ கூட்டு வியாபாரத்திலோ வேலை செய்பவர்கள் தாமதிக்காமல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

அரசே முன்வந்து தரும் நாடுகள்

நம் நாட்டுச் சட்டம் வரிசையில் இடம் தருகிறது, பணம் தருவதில்லை. சொத்து விற்று முடியும்வரை குடும்பம் காத்திருக்க வேண்டும். ஜப்பானில் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நொடித்த முதலாளிக்குப் பதிலாக அரசே பாக்கியில் 80 சதவீதத்தை, ஒரு வரம்புக்குள், கொடுத்துவிட்டுப் பிறகு கம்பெனியிடம் வசூலிக்கிறது. ஹாங்காங்கில் 1985 முதல் இதற்கென ஒரு நிதி இருக்கிறது. வியாபாரப் பதிவுக் கட்டணத்தோடு வசூலிக்கும் தொகை அதில் சேர்கிறது. இங்கும் அப்படி ஒரு நிதி வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

நம் பிள்ளைகள் வேலை செய்யும் வளைகுடா நாடுகளிலும் மாற்றம் வந்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் முதலாளி வங்கி உத்தரவாதமோ காப்பீடோ வைக்க வேண்டும். காப்பீட்டில் ஒருவருக்கு 20,000 திர்ஹம் வரை கிடைக்கும். சவூதியில் 2024 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான காப்பீடு நடைமுறையில் உள்ளது. கம்பெனி ஆறு மாதம் சம்பளம் தராமல் கைவிட்டால் 17,500 ரியால் வரை கிடைக்கும். ஊர் திரும்ப விமான டிக்கெட்டும் உண்டு. கத்தார் 2018-இல் சட்டம் போட்டுத் தொழிலாளர் உதவி நிதி அமைத்தது.

ஆகவே, சம்பளம் வராமல் ஊர் திரும்ப நேர்ந்தால், புறப்படும் முன்பே அங்குள்ள தொழிலாளர் அமைச்சகத்தில் புகாரைப் பதிவு செய்து, அதன் எண்ணை வீட்டாருக்கு அனுப்பச் சொல்லுங்கள். "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற காகிதத்தில் பணம் கைக்கு வராமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

படிவம் நிரப்பச் சிரமப்படுவோர் கையிலுள்ள காகிதங்களோடு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். உழைத்த கூலியைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாள் தவறாமல் கேளுங்கள்.