ஜாக்கி தூக்கும், ஸ்டாண்டு தாங்கும்
(பழைய கார், ஜீப் வைத்திருப்போருக்கு ஒரு பாடம்)

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் ஒரு பழைய வண்டி இருக்கிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அப்பா வாங்கிய அம்பாசிடர். ஒலவக்கோட்டில் ஒரு பிரிமியர் பத்மினி. மூணாறு, பூப்பாறை, குமுளிப் பக்கம் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய வில்லிஸ் வகை ஜீப். பத்மினி எப்போதோ நின்றுவிட்டது. அம்பாசிடர் தயாரிப்பும் 2014-இல் நின்றது. இவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைந்து வருகிறார்கள். எனவே வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகள் தாமே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்கிறார்கள். ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள இரும்பின் கீழ் படுப்பதற்கு ஒரு முறை உண்டு. ரயில்வேயில் பெட்டி, வாகன் பராமரிப்பில் காலம் கழித்தவன் என்ற முறையில் அதை இங்கே எழுதுகிறேன்.

ரயில்வேயில் எப்படிச் செய்கிறார்கள்?

பழுதான வாகன்களை ஒதுக்கி நிறுத்தும் தண்டவாளத்திற்கு 'ஸிக் லைன்' என்று பெயர். அங்கே பெட்டியைத் தூக்க மின்சார ஜாக்கிகள் உண்டு. தூக்கியவுடன் கலாசி உள்ளே புகுந்துவிடமாட்டார். முதலில் அடியில் இரும்பு டிரெஸ்ஸில் வைத்து, பெட்டியின் எடையை அதன்மேல் இறக்கிய பிறகே வேலை தொடங்கும். தடம் புரண்ட வண்டியைத் தூக்கும்போதும் இதே முறைதான். ஒரு அங்குலம் தூக்கினால் அடியில் ஒரு அங்குலக் கட்டை நுழையும். வேலை நடக்கும் இடத்தின் இரு முனைகளிலும் சிவப்புக் கொடி இருக்கும். கோடிக்கணக்கில் மதிப்புள்ள கருவிகள் இருந்தும் ரயில்வே ஜாக்கியை நம்பி ஆளை உள்ளே அனுப்புவதில்லை. நாம் கடையில் வாங்கும் பாட்டில் ஜாக்கியை மட்டும் எப்படி நம்புவது?

ஜாக்கியை ஏன் நம்பக்கூடாது?

1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரமா காப்புரிமை பெற்ற நீரழுத்த எந்திரமே பாட்டில் ஜாக்கிக்கு முன்னோடி. சிறிய பிஸ்டன் 1 சதுர செ.மீ., பெரிய பிஸ்டன் 20 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சிறியதில் 15 கிலோ அழுத்தினால் பெரியதில் 300 கிலோ எழும்பும். அந்த 300 கிலோவையும் நிறுத்தி வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வாஷரும் ஒரு சிறு வால்வும்தான். வாஷர் தேய்ந்தாலோ, வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலோ எண்ணெய் கசிந்து ஜாக்கி இறங்கும். சில நேரம் மெதுவாக, சில நேரம் ஒரேயடியாக. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; தாங்குவதற்கு அல்ல.

தரை

சமதளமான கான்கிரீட் தரையே சிறந்தது. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் முற்றம் பல நேரம் சமமாக இருக்காது. ரசமட்டம் வைத்துப் பாருங்கள். 20 அடிக்கு 1 அடி சரிவு இருந்தால், 1,100 கிலோ வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 55 கிலோ. உயர்ந்து நிற்கும் வண்டியை ஜாக்கியிலிருந்து சரிய வைக்க அது போதும். இடுக்கி மலைச்சரிவில் வீடு உள்ளவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். சமமான இடம் இல்லையென்றால் அங்கே வண்டியைத் தூக்கவே வேண்டாம்.

மண் தரையும் ஏமாற்றும். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அடித்தட்டுள்ள ஜாக்கியில் 300 கிலோ இறங்கினால் ஒரு சதுர செ.மீ.க்கு 3 கிலோ அழுத்தம். மழையில் ஊறிய மண் இதைத் தாங்காது. அடியில் 30-க்கு 30 செ.மீ. கனமான மரப்பலகை போட்டால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு கிலோவாகக் குறையும். பாலக்காட்டு வெயிலில் இளகும் தார்த் தரைக்கும் இதே பலகை தேவை. ஆனாலும் சேற்று மண்ணில் இந்த வேலை கூடாது.

சக்கரத்துக்கு முட்டுக்கட்டை

தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக் மட்டும் போதாது. பின்பக்கத்தைத் தூக்கினால், பின்சக்கரத்தில் வேலை செய்யும் ஹேண்ட் பிரேக்கால் பயனில்லை. பழைய ஜீப்பில் இன்னொரு அபாயம் உண்டு. அதன் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. புரொப்பல்லர் ஷாப்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் இருந்தால், ஷாப்ட் நின்றிருந்தாலும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் ஒரு திசையிலும் தரையில் உள்ள சக்கரம் மறு திசையிலும் சுற்ற முடியும். பிரேக் போட்டிருந்தும் ஜீப் உருளும். கியரில் நிறுத்தினாலும் இதே கதைதான். முட்டுக்கட்டை ஒன்றே வழி.

தூக்கும் வரிசை

1. வண்டியில் யாரும் இருக்கக்கூடாது. சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள்.

2. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால், அது தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பின் பலமாக இழுத்தால் வண்டி ஆடும்.

3. ஜாக்கி வைக்கும் இடத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். பழைய அம்பாசிடரில் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதி உள்ளுக்குள் துருப்பிடித்திருக்கும். மேலே பெயிண்ட் மட்டும் பளபளக்கும். மந்தமான சத்தம் வந்தாலோ, துருத்தூள் கொட்டினாலோ அங்கே வைக்காதீர்கள். பின்பக்கம் ஆக்ஸில் குழாயும், முன்பக்கம் அடிச்சட்டத்தின் உறுதியான நீள உறுப்பும் ஏற்றவை. எஞ்சின் சம்ப், கியர் பாக்ஸ், ஸ்டீயரிங் தண்டு ஆகியவற்றின் கீழ் வைக்கவே கூடாது.

4. ஒரு நேரத்தில் ஒரு முனையை மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். தூக்கத் தூக்க ஓரத்தில் மரக்கட்டை அடுக்கி வாருங்கள்.

5. போதிய உயரம் வந்ததும் இரு பக்கமும் எடை குறித்த இரும்பு ஸ்டாண்டுகளை ஒரே உயரத்தில் வைத்து, ஜாக்கியை இறக்கி, வண்டியை அவற்றின்மேல் உட்கார வையுங்கள்.

6. வெளியே நின்று வண்டியைக் கையால் நன்றாக அசைத்துப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் அடியில் இல்லாதபோதே விழட்டும்.

7. கழற்றிய சக்கரங்களை அடிச்சட்டத்தின் கீழ் படுக்கப் போடுங்கள். ஸ்டாண்டு நழுவினாலும் ஒரு ஆள் பிழைக்கும் இடைவெளி மிஞ்சும்.

வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணி எடுத்து, அடியில் யாரும் இல்லை என்று குனிந்து பார்த்த பிறகே இறக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

வெட்டுக்கல், செங்கல், ஹாலோ பிளாக் இவற்றின்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். கேரளத்து வீடுகளில் இவை கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பதால் ஆசை வரும். சுவரில் பரவலாக எடை தாங்கும் கல், ஒரே புள்ளியில் எடை வந்தால் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். நல்ல மரம் நசுங்கும், முனகும். விலக நேரம் தரும்.

அம்பாசிடரின் முன் சஸ்பென்ஷனில் முறுக்கிய நிலையிலேயே இருக்கும் டார்ஷன் பார்களை வீட்டில் கழற்ற வேண்டாம். வெல்டிங் தேவைப்பட்டால் பெட்ரோல் டாங்க் உள்ள வண்டியில் நாமே இறங்காமல் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். அடியில் ஆள் இருக்கும்போது எஞ்சினை ஓட விடாதீர்கள்.

வீட்டாருக்கு

வண்டிக்கு அடியில் இருப்பவர் வீட்டில் தனியாக இருக்கக்கூடாது. கூப்பிடும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு ஜாக்கியை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். அசம்பாவிதம் நடந்தால் உள்ளே இருப்பவரின் காலைப் பிடித்து இழுக்காமல், முதலில் வண்டியைத் தூக்கிக் கட்டை கொடுத்து, 108-க்குத் தகவல் சொல்ல வேண்டும். மலைப்பகுதிகளில் ஆம்புலன்ஸ் வர நேரம் பிடிக்கும் என்பதால், வரும்முன் காப்பதே மேல். குழந்தைகளை முற்றத்தின் பக்கம் விடாதீர்கள்.

ஒரு ஜோடி நல்ல ஸ்டாண்டும் நான்கு முட்டுக்கட்டையும் வாங்கும் செலவு, ஒரு புதிய டயரின் விலையைவிடப் பெரிதாக இராது. நம் சங்க உறுப்பினர்களில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஜோடி வாங்கி மாறி மாறிப் பயன்படுத்தலாம். அப்பாவின் காரைக் காப்பாற்ற வந்த பிள்ளை பத்திரமாக எழுந்து வருவதுதான் முக்கியம். கார் இன்னொரு வாரம் காத்திருக்கும்.