பள்ளிக் கிரிக்கெட்டும் தலைக்கவசமும்: பெற்றோர் அளந்து பார்க்க வேண்டியவை

கோடை விடுமுறை தொடங்கினால் டில்லியில் கிரிக்கெட் பயிற்சி முகாம்களுக்குக் குறைவில்லை. அதுவரை காலனிப் பூங்காவில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் தோல் பந்துக்கு மாறுவது பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். உடனே வீட்டுக்கு ஒரு பட்டியல் வந்து சேரும். மட்டை, பேடு, கையுறை, அடிவயிற்றுக் காப்பு, ஹெல்மெட். மட்டை வாங்க அப்பாவும் பிள்ளையுமாக மீரட் வரைகூடப் போய் வருகிறார்கள். ஹெல்மெட்டை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்துவிடுகிறோம். அந்த ஹெல்மெட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ரயில்வேயில் பல ஆண்டுகள் பெட்டிகளின் பஃபரையும் பிரேக்கையும் பார்த்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில், மோதலைத் தாங்கும் எந்தச் சாதனத்தைக் கண்டாலும் அதைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை.

முதலில் கொஞ்சம் கணக்கு. பெரியவர்கள் ஆடும் தோல் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம் வரை. 160 என்று வைத்துக்கொள்வோம். பள்ளிப் பையன் ஒருவன் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் அந்தப் பந்தில் இருக்கும் ஆற்றல் 50 ஜூல். 5 கிலோ படிக்கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவோ அவ்வளவு. வேகம் 130 ஆனால் ஆற்றல் 104 ஜூல் ஆகிவிடும். வேகம் ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை, அடி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் பெருகும் என்று பத்தாம் வகுப்பில் படித்ததன் பொருள் இதுதான்.

ஹெல்மெட் செய்யும் வேலை இரண்டு. வெளி ஓடு அடியை ஒரே புள்ளியில் இறங்கவிடாமல் பரப்புகிறது. உள்ளே இருக்கும் நுரை அமுங்கி, பந்து நிற்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சற்றே நீட்டுகிறது. நிற்கும் நேரம் இரட்டித்தால் சராசரி விசை பாதியாகும். ரயில் பெட்டியின் பஃபர் செய்வதும் இதே காரியத்தைத்தான்.

இதெல்லாம் இல்லாத காலத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 1962 மார்ச்சில் பார்படாஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து நம் அணித்தலைவர் நரி கான்ட்ராக்டரின் மண்டை ஓட்டை உடைத்தது. எதிரணித் தலைவர் ஃபிராங்க் வொரெல் ரத்தம் கொடுத்தார். உயிர் பிழைத்த கான்ட்ராக்டர் மறுபடி டெஸ்ட் ஆடவில்லை. தலையில் வைத்த உலோகத் தகட்டை எடுத்ததே 2022-ல்தான். ஹெல்மெட் அணிந்து டெஸ்ட் ஆடிய முதல் ஆட்டக்காரர் ஆஸ்திரேலியாவின் கிரகாம் யாலப், 1978-ல். அன்று அவரைப் பார்த்துக் கூட்டம் கேலி செய்தது.

டில்லிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது ராமன் லாம்பாவின் கதை. ரஞ்சியில் டில்லிக்காக ஓட்டங்களைக் குவித்தவர். 1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில், மட்டையாளருக்கு மிக அருகே ஷார்ட் லெக்கில் நின்றார். ஓவரில் மூன்று பந்துதானே பாக்கி என்று சொல்லி ஹெல்மெட் வேண்டாம் என்றாராம். மட்டையாளர் ஓங்கி அடித்த பந்து நெற்றிப் பக்கம் பட்டது. மூன்றாம் நாள் இறந்துபோனார். வயது 38. பந்தை எதிர்கொள்பவருக்கு மட்டுமே ஆபத்து என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அருகில் நிற்கும் ஃபீல்டருக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் சொல்ல அதன் பிறகு 25 ஆண்டுகள் ஆயின. 2023 ஜூன் 1 முதல் வேகப் பந்தை எதிர்கொள்ளும் மட்டையாளர், ஸ்டம்பை ஒட்டி நிற்கும் விக்கெட் கீப்பர், மட்டையாளருக்கு முன்னால் நெருங்கி நிற்கும் ஃபீல்டர் ஆகிய மூவரும் அணிந்தே ஆகவேண்டும். இங்கிலாந்தில் பிள்ளைகள் விஷயத்தில் முன்பே விழித்துக்கொண்டார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் முகக் கம்பி வைத்த ஹெல்மெட் இல்லாமல் தோல் பந்தை எதிர்கொள்ளக் கூடாது என்று 2000-லேயே வகுத்தார்கள். 13 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் மட்டையாளரிடமிருந்து 11 கஜத்துக்குள் நிற்கக் கூடாது, 15 வயது வரை உள்ளவர்கள் 8 கஜத்துக்குள் நிற்கக் கூடாது. ஆஃப் பக்கம் விக்கெட்டுக்குப் பின்னால், அதாவது ஸ்லிப் முதலிய இடங்களுக்கு மட்டும் விலக்கு. நம் பிள்ளைகளின் பயிற்சியாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நல்ல பயிற்சியாளர் மறுக்கமாட்டார்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி பேஸ்பாலுக்கு நாடு தழுவிய விதிநூல் ஒன்று இருக்கிறது. 2012 முதல் அங்கே உலோக மட்டையிலிருந்து பந்து துள்ளும் வேகத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். மட்டையடிப்பவரின் நலனுக்காக மட்டும் வந்த விதி அது என்று எண்ணவேண்டாம், எதிரே நிற்கும் பந்து வீச்சாளரின் முகத்தைக் காப்பதும் அதன் நோக்கம். 2020 முதல் பந்து பிடிப்பவரின் மார்புக் காப்பும் தனிச் சோதனையில் தேறியிருக்கவேண்டும் என்றார்கள். நெஞ்சில் சரியான கணத்தில் பட்ட அடி, எலும்பு முறியாமலே இதயத் துடிப்பை நிறுத்திவிடக்கூடும் என்பதால் வந்த விதி அது. நம் ஊரிலோ பள்ளிக்குப் பள்ளி, அகாடமிக்கு அகாடமி வழக்கம் மாறுகிறது. எனவே அளவுகோலைப் பெற்றோரே கையில் எடுக்கவேண்டியிருக்கிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கிரிக்கெட் ஹெல்மெட்டில் பலவீனமான இடம் ஓடு இல்லை, முன்விளிம்புக்கும் முகக் கம்பிக்கும் நடுவிலுள்ள இடைவெளி. அதன் வழியாகப் பந்து புகுந்தால் கண்ணும் மூக்கும் போகும். பழைய ஹெல்மெட்டுகளில் கம்பியை மேலே கீழே நகர்த்தத் திருகு இருந்தது. பார்வை மறைக்கிறது என்று பையன்கள் கம்பியை இறக்கிக்கொள்வார்கள். 2013-ல் வந்த பிரிட்டிஷ் தர அளவான பி.எஸ். 7928:2013 இதைக் கவனித்து, உண்மையான ஆட்ட வேகத்தில் பந்தை எய்து அது கம்பிக்குள் புகுகிறதா என்று சோதிக்கச் சொன்னது. 2017 முதல் சர்வதேச ஆட்டங்களில் ஹெல்மெட் அணிந்தால் இந்தத் தரத்தில்தான் அணியவேண்டும் என்றும் விதி வந்தது.

இதில் பெற்றோர் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. பெரியவர்களின் பந்து 22.4 முதல் 22.9 சென்டிமீட்டர் சுற்றளவு உள்ளது, விட்டம் சுமார் 71 முதல் 73 மில்லிமீட்டர். சிறுவர் பந்தின் சுற்றளவு 20.5 முதல் 22 சென்டிமீட்டர், விட்டம் சுமார் 65 முதல் 70 மில்லிமீட்டர். பெரிய பந்தைத் தடுக்கும் இடைவெளி சிறிய பந்தைத் தடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெரியவருக்குப் பாதுகாப்பான ஹெல்மெட் பத்து வயதுப் பையனுக்குப் பாதுகாப்பற்றதாக இருக்க வழியுண்டு! அதனால்தான் அந்தத் தர அளவு இரண்டு பந்துக்கும் தனித்தனியே சோதிக்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் தர எண்ணோடு எந்தப் பந்துக்குச் சோதிக்கப்பட்டது என்றும் பாருங்கள். இரண்டு பந்திலும் ஆடும் பிள்ளைக்கு இரண்டுக்கும் தேறியது வேண்டும். வீட்டில் பந்தைக் கையால் அழுத்திப் பார்த்து, புகவில்லை என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். அடிபடும்போது கம்பி வளையும், ஓடும் நெளியும். சும்மா இருக்கும்போது உள்ள இடைவெளி வேறு, அடிபடும் கணத்தில் உள்ள இடைவெளி வேறு.

அடுத்தது அளவு. "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா வாங்கினா ரெண்டு வருஷம் வரும்" என்பது நம் குடும்பங்களில் சட்டைக்கும் செருப்புக்கும் நாம் கடைப்பிடிக்கும் சாஸ்திரம். ஹெல்மெட்டுக்கு அது உதவாது. புருவத்துக்கு மேலாக, காதுக்கு மேலே நாடாவைச் சுற்றித் தலையின் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாட்டியபின் தலையை வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தனியாக ஆடினால் அடுத்த சிறிய அளவைக் கேளுங்கள். தளர்ந்த ஹெல்மெட் அடிபட்டவுடன் சுழன்று, கம்பியே மூக்கில் இடிக்கும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், சைக்கிள் ஹெல்மெட் இரண்டும் இதற்குப் பதில் ஆகாது. அவற்றின் சோதனையே வேறு.

கழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2014 நவம்பர் 25 அன்று சிட்னியில் பிலிப் ஹியூஸ் ஹெல்மெட் அணிந்துதான் ஆடிக்கொண்டிருந்தார். பந்து ஹெல்மெட்டுக்குக் கீழே கழுத்தின் பக்கவாட்டில் பட்டு, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்தது. இரண்டு நாளில் காலமானார். அதன் பிறகே ஹெல்மெட்டின் பின்புறம் மாட்டும் கழுத்துக் காப்பு பரவலானது. 2019-ல் பிரிட்டிஷ் தர அளவில் அதற்கும் சோதனை சேர்ந்தது. ஆஸ்திரேலிய வாரியம் 2023 அக்டோபர் முதல் தன் ஒப்பந்த ஆட்டக்காரர்கள் வேகப் பந்தை எதிர்கொள்ளும்போது அதைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் 2025 அக்டோபரில் மெல்போர்னில் 17 வயதுப் பையன் ஒருவன் வலைப் பயிற்சியின்போது கழுத்தில் அடிபட்டு இறந்தான். ஹெல்மெட் இருந்தது, கழுத்துக் காப்பு இல்லை. பந்து வந்தது பந்து வீச்சாளர் கையிலிருந்து இல்லை, நீண்ட கைப்பிடி கொண்ட எறி கருவியிலிருந்து. அதே கருவி இங்கே நம் பயிற்சிக் கூடங்களிலும் இருக்கிறது. வலைப் பயிற்சிதானே என்று கவசத்தைப் பையிலேயே விட்டுவைக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். ஆட்டத்தில் ஒரு மாதம் எதிர்கொள்வதைவிட அதிகப் பந்துகளை வலையில் ஒரு வாரத்தில் எதிர்கொண்டுவிடுகிறார்கள்.

ரயில்வேயில் சக்கரத்துக்கு இவ்வளவு மில்லிமீட்டர்தான் தேயலாம் என்று எல்லை உண்டு. தாண்டினால் சக்கரம் பார்க்க எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் 'கண்டம்' செய்துவிடுவோம். ஹெல்மெட்டுக்கும் அப்படித்தான். பலமாக ஒரு அடி வாங்கிய ஹெல்மெட்டின் நுரை உள்ளே நசுங்கியிருக்கும், வெளியே வண்ணம்கூட உதிர்ந்திருக்காது. அதை மாற்றிவிடுங்கள். விலை உறுத்தும்தான். மட்டையில் ஒரு படி குறைந்த ரகம் வாங்கினால் அந்தப் பணம் வந்துவிடும். அண்ணன் போட்டதைத் தம்பிக்குக் கொடுப்பதற்கு முன்னால் அது எத்தனை அடி வாங்கியது என்று அண்ணனையே கேளுங்கள். கம்பி வளைந்திருந்தால் சுத்தியலால் நிமிர்த்தும் வேலையெல்லாம் வேண்டாம்.

எவ்வளவு நல்ல ஹெல்மெட்டும் மண்டை ஓட்டைத்தான் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுவதும் தடுக்காது. அதனால்தான் 2019 ஆகஸ்ட் முதல் தலையில் அடிபட்டவருக்குப் பதில் இன்னொருவர் முழுமையாக ஆடலாம் என்ற விதி வந்தது. 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டு, அவருக்குப் பதிலாக வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்தபோது ஆஸ்திரேலியர்கள் முகம் சுளித்தார்கள். நம் சேலத்து நடராஜன் முதல் முறையாக இருபது ஓவர் சர்வதேச ஆட்டம் ஆடி மூன்று விக்கெட் எடுத்த அதே ஆட்டம்தான். அடிபட்ட பிறகும் ஜடேஜா நின்று ஆடினாரே என்பது அன்றைய வாதம். அறிகுறிகள் தாமதமாகவும் தெரியும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பதில்.

பிள்ளைகளுக்கும் இதே கதைதான். "ஒண்ணுமில்லப்பா" என்பான். அன்றைக்கு அவன் மறுபடி ஆடவேண்டாம். ஒன்றிரண்டு நாள் கூடவே இருந்து கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பக் கஷ்டமான தூக்கம், குழறும் பேச்சு, இரண்டு கண்மணியும் வேறு வேறு அளவில் இருப்பது, வலிப்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வீட்டு மாமாவிடம் யோசனை கேட்டு நேரத்தைக் கழிக்காமல், தலைக்காயத்துக்கு வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள். எய்ம்ஸின் ட்ராமா சென்டர் இரவு பகல் இயங்குகிறது. அறிகுறிகள் எல்லாம் போய், மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே மைதானம். மறுநாள் அணித் தேர்வு இருந்தாலும் சரி.