மழைக்கு முன் இரண்டு வாரம்: அந்தமான் வீட்டுத் தோட்டங்களுக்கு மே மாத ஆலோசனை

மே மாதம் பாதி கடந்தால் போதும், அந்தமான் கடலில் தென்மேற்குப் பருவமழை எந்த நாளும் இறங்கிவிடும். இந்தியாவில் அது முதலில் தொடுவது இந்தத் தீவுகளைத்தான். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை; சென்னையில் பெய்வதைப் போல இரு மடங்கு. அதில் பெரும்பகுதி மே முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இன்று குடத்தில் தண்ணீர் சுமந்து வெண்டைக்கு ஊற்றுகிற வீடுகள், இன்னும் சில வாரத்தில் அதே செடியின் வேர் அழுகாமல் காக்கப் போராட வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் வேலை வடிகால். விதை, உரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். சமதளத் தோட்டமானால் முக்கால் அடி முதல் ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எடுத்து, இரண்டு பாத்திக்கு நடுவே தண்ணீர் ஓடித் தோட்டத்தை விட்டு வெளியேறும்படி வாய்க்கால் வெட்டுங்கள். சரிவில் வீடு கட்டியவர்கள் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட்டு, மேற்புறம் ஒரு வாய்க்கால் விட்டால் மேல்மண் அடித்துப் போகாது. மண்வெட்டி இறங்க மறுக்கும் காய்ந்த மண்தான். ஒரு கோடை மழை விழுந்த மறுநாள் இறங்கினால் வேலை பாதி குறையும்.

மேட்டுப்பாத்தியின் அருமையை இந்தத் தீவுகள் பெரும் துயரத்துக்குப் பிறகு கண்டன. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பகுதியில் விளைநிலங்களுக்குள் கடல் வந்து தங்கிவிட்டது. உப்பேறிய தாழ்நிலங்களுக்கு, 1978இல் தொடங்கி இன்று மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படும் நிறுவனம் காட்டிய வழி அகலப்பாத்தியும் ஆழ வாய்க்காலும். வாய்க்காலில் எடுத்த மண்ணைப் பாத்தியில் கொட்டி உயர்த்தினார்கள். பாத்தியின் உப்பை மழையே கழுவி இறக்கியது. மேலே காய்கறி, கீழே தேங்கிய நீரில் மீன். மூன்று சென்ட் கொல்லைக்கு மீன் வளர்ப்பு ஒத்துவராது, ஆனால் மண்ணை உயர்த்தி நீரை வடிக்கும் முறை அப்படியே பொருந்தும்.

அடுத்தது தக்காளி. கப்பலில் வரும் தக்காளி விலையைப் பார்த்து மழைக்காலத்திலும் நட்டுப் பார்க்கிற குடும்பங்கள் ஏராளம். செடி முழங்கால் உயரம் வளர்ந்து, பூவும் பிடித்து, ஒரு நாள் மதியம் இலை பச்சை மாறாமலே தொங்கிப்போகும். தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுவார்கள். காரணம் பெரும்பாலும் பாக்டீரியா வாடல் நோய். சந்தேகம் இருந்தால் தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டு நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால்போன்ற இழை கீழே இறங்கினால் நோய் உறுதி. அந்தச் செடியை வேரோடும் மண்ணோடும் அகற்றுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும் என்பதால் அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் இப்போதைக்கு வேண்டாம்.

கத்தரிக்கு மாற்று உண்டு: மேற்சொன்ன நிறுவனம் வாடல் நோயைத் தாங்கும் கத்தரி ரகத்தை வெளியிட்டிருக்கிறது. தக்காளியை விட முடியாதவர்கள் ஒட்டுக்கட்டிய நாற்றைத் தேடலாம். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், நோய் தாங்கும் கத்தரி வேர்ச்செடியில் தக்காளியை ஒட்டுக்கட்டச் சொல்லி நெடுங்காலமாகப் பரிந்துரைக்கிறது. கத்தரி வேர் நோயைத் தாங்குவதோடு, தக்காளி வேர் மடிந்துபோகும் நீர்த்தேக்கத்தையும் தாங்கிக்கொள்ளும். அப்போதும் மேலே பாலித்தீன் கூரை ஒன்று வேண்டும். அடைமழையில் பூ நிற்காது.

மழையோடு சேர்ந்து விளைபவற்றுக்கு இடம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். சேனை, சேம்பு, இஞ்சி, மஞ்சள் நான்கையும் தென்னையடியில் இப்போதே ஊன்றிவிடலாம். கொடிப்பசலை, தண்டுக்கீரை, காராமணி, வெண்டை, பாகல், பீர்க்கு ஆகியவை மேட்டுப்பாத்தியில் தேறும். கொத்தமல்லி மழையில் அழுகும் வீடுகளில், நிழலிலும் ஈரத்திலும் செழிக்கிற பர்மா தனியா சாம்பாரைக் காப்பாற்றுகிறது. இலையில் அதே வாசம், இன்னும் தூக்கலாக. பாகல், பீர்க்குப் பிஞ்சுகளைப் பழ ஈ குத்தாமல் இருக்க வலைத்துணிப் பை கட்டுங்கள்.

முதல் மழை விழுந்த இரவே நத்தைகள் எழும்பும். இரண்டாம் உலகப் போரில், 1942 முதல் 1945 வரை தீவுகளைப் பிடித்திருந்த ஜப்பானியர் காலத்தில் வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை, ஒரே இரவில் ஒரு நாற்றுப்பாத்தியைத் தண்டு மட்டும் மிச்சம் வைத்துத் தின்றுவிடும். கோடையில் அவை கல்லடியிலும் சருகுக் குவியலிலும் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு உறங்குகின்றன. அந்தக் குவியல்களை இப்போதே கிளறிப் பொறுக்குவது, மழைக்குப் பின் பத்து இரவு டார்ச் அடித்துத் தேடுவதற்குச் சமம். மழை தொடங்கியதும் ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலையும் தண்டும் வைத்தால் இரவில் அங்கே கூடும். விடிகாலையில் எடுத்து வாளி உப்புநீரில் போடுங்கள். உப்பைப் பாத்தியில் தூவ வேண்டாம், மண் கெடும். வெறுங்கையால் தொடவே வேண்டாம், பிள்ளைகளையும் விடாதீர்கள்: மூளையுறையைத் தாக்கும் எலிப்புழு ஒன்று இந்த நத்தைகளில் இருக்கக்கூடும். கீரையை ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவிச் சமைக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

காட்டோர வீடுகளுக்குப் புள்ளிமான் தொல்லை தனி. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட விலங்கு. புலியோ சிறுத்தையோ இல்லாத தீவில் அது பெருகிவிட்டது. சட்டம் காக்கும் விலங்கு என்பதால் வேலி ஒன்றே வழி. ஆறடிக்குக் குறையாமல், மண் இளகுமுன் கம்பங்களை ஊன்றிவிடுங்கள்.

தக்காளி, காலிஃபிளவர், முள்ளங்கி விதைகளை வாங்கி வைத்திருப்பவர்கள் அக்டோபர் கடைசிவரை காக்க வேண்டும். இந்தக் காற்றின் ஈரத்தில் திறந்த பொட்டலம் முளைப்புத்திறனை இழந்துவிடும். காற்றுப்புகாத பாட்டிலின் அடியில் நன்கு உலர்ந்த சாம்பல் இரண்டு விரற்கடை போட்டு, மேலே காகிதம் விரித்து, விதைப் பொட்டலங்களை வைத்து மூடி, வாங்கிய மாதத்தை வெளியே எழுதி ஒட்டிவிடுங்கள்.