சாப்பாட்டு லோரிக்கு ஒப்புக்கொள்ளும் முன்

பினாங்குத் துறைமுகத்தில் உழைத்த தொழிலாளர்களுக்கு நம் முன்னோர், ஒரு தண்டின் இரு முனைகளிலும் சோற்றையும் ஆணத்தையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து சென்று விற்றார்கள். அந்தத் தண்டுக்கு மலாயில் கண்டார் என்று பெயர். நாசி கண்டார் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததே. ஆகையால் பசித்தவன் இருக்குமிடத்துக்குச் சாப்பாட்டைக் கொண்டு போவது நமக்குப் புதிய தொழிலன்று. தண்டு போய் லோரி வந்திருக்கிறது, அவ்வளவுதான். பிள்ளைகள் இதை ஃபுட் டிரக் என்கிறார்கள். கம்பெனிகளின் ஹரி ராயா விருந்து, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கல்யாணம் என்று எங்கு பார்த்தாலும் இப்போது லோரியைக் கேட்கிறார்கள். நம்மவரிலும் பலர், “கடையில் பண்டாரி இருக்கிறார், தேக்சா இருக்கிறது, ஒரு லோரி வாங்கினால் போதாதா?” என்று கேட்கின்றனர்.

போதாது என்பது நமது அபிப்பிராயம். சமையல் தெரிந்திருப்பது இதில் பாதி வேலைகூட அன்று. கடையில் நானூறு பேர் சாப்பிடுகிறார்கள் என்றால், காலை முதல் நடுநிசி வரை ஐந்தைந்து பேராக வந்து சாப்பிடுகிறார்கள். விருந்தில் அதே நானூறு பேர் ஒரே மணியில் தட்டை நீட்டுகிறார்கள். கடைக்கும் லோரிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இதை உணர்ந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை. பகல் 12 மணி முதல் 2 மணி வரை விருந்து. நானூறு பேர். நமது லோரிக்கு ஒரு ஜன்னல். கைதேர்ந்த ஆள் நின்று, அரை நிமிஷத்துக்கு ஒரு தட்டு கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 120 தட்டு. இரண்டு மணி நேரத்தில் 240. மீதி 160 பேர்? கடைசி ஆளின் கையில் தட்டு சேரும்போது மணி 3.20 ஆகிவிடும்.

உண்மை இதைவிட மோசமானது. ஜனங்கள் சீராக வருவதில்லை. முதல் அரை மணியிலேயே பாதிப் பேர் வரிசைக்கு வந்துவிடுவார்கள். பன்னிரண்டரைக்கு வந்து நிற்கும் இருநூறாவது ஆளுக்குச் சோறு கிடைப்பது 1.40க்கு. நம் கோழி எவ்வளவு ருசியாயிருந்தாலும், வெயிலில் ஒரு மணிக்கு மேல் நின்றவன் அதை நல்லபடியாகச் சொல்லமாட்டான். அதிலும் நாசி கண்டார் என்றால், ‘அந்த ஆணம் கொஞ்சம், இந்த ஆணம் கொஞ்சம், இரண்டையும் கலந்து ஊற்று’ என்று ஒவ்வொருவரும் விரல் நீட்டுவார்கள். அப்போது அரை நிமிஷம் ஒரு நிமிஷத்துக்கும் மேலாகும்.

எனவே விருந்தை நடத்தும் முதலாளியிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ‘எத்தனை பேர்?’ என்பதன்று, ‘எத்தனை மணிக்குள் எத்தனை பேர்?’ என்பது. அதற்கு அவர் சொல்லும் பதிலைப் பொறுத்தே சாப்பாட்டுப் பட்டியலை எழுதவேண்டும். மீ கோரெங் கேட்பார்கள். ஒரு தாச்சியில் ஒரு தடவைக்கு நான்கு தட்டு. ஐந்து நிமிஷம் பிடிக்கும். மணிக்கு ஐம்பது தட்டைத் தாண்டாது. ரொட்டி சானாய் கேட்பார்கள். அதுவும் அப்படியே, ஒருவர் வீச வீச, கல்லுக்கு முன்னால் கூட்டம் நிற்கும். ஐம்பது அறுபது பேர் வரும் வீட்டு விருந்துக்கு இவை வெகு அழகு. நானூறு பேருக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு சோறு, ஒரு கோழி, ஒரு ஆணம், அதனுடன் முட்டை, கோசு, அப்பளம் என்று தட்டை முன்கூட்டியே முடிவு செய்துவிடவேண்டும். தே தாரிக்கை லோரிக்குள் ஆற்றாமல், கலந்து பெரிய வெந்நீர்க் கலத்தில் ஊற்றித் தனி மேசைக்கு அனுப்பிவிடலாம். வேடிக்கைக்காக ஒருவர் வெளியில் நின்று நீட்டி ஆற்றட்டும். பிள்ளைகள் பார்த்து மகிழ்வார்கள்.

இன்னுமொன்று. லோரி சமையலறையாக இருக்கட்டும். ஜன்னலைக் கல்லாவாக ஆக்கவேண்டாம். லோரிக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட மேசை போட்டு, இருபுறமும் வரிசை விடுங்கள். வரிசைக்கு நான்கு ஆள்: ஒருவர் சோறு, ஒருவர் கோழி, ஒருவர் ஆணம், ஒருவர் மற்றவை. கால் நிமிஷத்துக்கு ஒரு தட்டு நகரும். இரு வரிசையும் சேர்ந்து நிமிஷத்துக்கு எட்டு. நானூறு பேருக்கும் ஐம்பது நிமிஷத்தில் கொடுத்து முடிக்கலாம். எட்டு ஆளுக்குக் கூலி எங்கே என்று கேட்பவர், அந்தக் கூலியை விலையில் சேர்க்காமல் பேசியவராயிருப்பார்.

வெள்ளிக்கிழமை விருந்தானால் ஜும்ஆவைக் கணக்கில் கொள்ளவேண்டும். முஸ்லிமல்லாத ஊழியர்கள் பன்னிரண்டரைக்கு வருவார்கள். நம்மவர்கள் தொழுதுவிட்டு இரண்டு மணியளவில் வருவார்கள். நமது சிப்பந்திகளும் தொழப் போகவேண்டுமல்லவா? அன்றைக்கு இரண்டு சமையல், இரண்டு பந்தி என்றே பேசி முடிக்கவேண்டும். ஒரே சமையலை நான்கு மணி வரை இழுத்தடிப்பது ஆபத்து.

ஆபத்து என்று நாம் சொல்வது வீண் பயமுறுத்தல் அன்று. 2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சிங்கப்பூர் கேலாங் சிராய் சந்தையில் ஒரு ரோஜாக் கடையில் வாங்கிச் சாப்பிட்டவர்களில் 150க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். இரண்டு பெண்மணிகள் இறந்தார்கள். பச்சைக் கடலுணவிலிருந்த கிருமி மற்றப் பண்டங்களில் கலந்ததே காரணமென்று ஆராய்ச்சியில் தெரிந்தது. லோரிக்குள் இடம் குறுகல். பச்சைக் கோழி வெட்டிய பலகையின் அருகிலேயே வெள்ளரிக்காயும் இருக்கும். ஆகவே பச்சை மாமிசம் எதையும் லோரிக்குள் ஏற்றவே கூடாது என்பது நமது கடுமையான அபிப்பிராயம். வெட்டுவதும் கழுவுவதும் மசாலை தடவுவதும் கடையிலேயே முடிந்துவிடட்டும். பொரிக்கவேண்டிய கோழி மூடிய பெட்டியில் ஐஸோடு வந்து, பெட்டியிலிருந்து நேரே எண்ணெய்க்குள் போகட்டும்.

சோற்றைப் பற்றி நம்மில் பலர் அறியாத ஒரு விஷயம் உண்டு. அரிசியில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கிறது. உலையில் கொதித்தாலும் அது சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகிறது. அந்த நஞ்சு உண்டாகிவிட்டால் மறுபடி சூடாக்கினாலும் போகாது, தின்றவர் வாந்தியெடுப்பார். பார்வைக்கும் வாசனைக்கும் சோறு நன்றாகவே இருக்கும். ஆகவே சூடாகக் கொடுப்பது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கவேண்டும். குளிர்ச்சியாக வைப்பது 5 டிகிரிக்குக் கீழ் இருக்கவேண்டும். சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் உண்ணப்படவேண்டும். காலை எட்டு மணிக்கு இறக்கிய சோற்றுக்குப் பன்னிரண்டு மணியோடு தவணை முடிகிறது. விருந்தே அப்போதுதான் தொடங்குகிறது! நானூறு பேருக்கு, கிலோவுக்கு எட்டுப் பேர் வீதம், ஐம்பது கிலோ அரிசி ஆகும். அதை ஒரே உலையில் போடாமல், முதல் பாதியைப் பத்தரைக்கும் மறு பாதியைப் பதினொன்றே முக்காலுக்கும் இறக்குமாறு பண்டாரியிடம் சொல்லவேண்டும். பண்டாரி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். உணவில் குத்திப் பார்க்கும் உஷ்ணமானி ஒன்று வாங்கி அவர் கையில் கொடுங்கள். விலை அதிகமில்லை.

மிச்சச் சோற்றை மாலை ஐந்து மணிக்கு சூராவுக்கோ அனாதை இல்லத்துக்கோ அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. நோக்கம் நல்லதுதான். ஆனால் நாம் நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் சோற்றை எத்தீமுக்கு அனுப்புவது தர்மமாகாது. அனுப்புவதானால் பரிமாறாத தேக்சாவிலிருந்து, தவணைக்குள், சூட்டோடு அனுப்பவேண்டும்.

இனிப் பணக் கணக்கு. தட்டு 12 ரிங்கிட் என்று பேசுகிறோம். நானூறுக்கு 4,800 ரிங்கிட். செலவெல்லாம் போக ஐந்தில் ஒரு பங்கு நிற்குமானால் லாபம் 960. விருந்துக்காரர் சிரித்துக்கொண்டு, “பாய், அன்றைக்கு வருகிறவர்களை எண்ணிக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்பார். அன்றைக்கு மழை, வந்தவர் 260 பேர். நூற்று நாற்பது தட்டு நின்றுவிட்டது. வராத பணம் 1,680. லாபம் முழுவதும் போய், கைப்பணம் 720 ரிங்கிட்டும் போயிற்று. இது யாருடைய குற்றமுமன்று, பேச்சின் குற்றம். ஆகவே ஏழு நாளைக்கு முன் முடிவான எண்ணிக்கை தரவேண்டும், அதற்குக் குறைந்து ஆள் வந்தாலும் அந்த எண்ணிக்கைக்கே பணம், பாதி முன்பணம், மீதி அன்றைக்கே என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும். தெரிந்தவரிடம் எப்படி எழுதிக் கேட்பது என்று கூச்சப்படுகிறோம். குர்ஆனில் மிக நீண்ட ஆயத்தே, அல்பகறாவின் 282ஆம் ஆயத், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதென்பதை மதறஸாவில் ஓதியவர் யாவரும் அறிவர். பிறகென்ன கூச்சம்?

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மலேசியாவில் லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த ஊராட்சி மன்றம். கோலாலம்பூரில் வாங்கிய லைசென்ஸ் ஷா ஆலமில் செல்லுமென்று நினைத்துப் போகாமல், விருந்து நடக்கும் இடத்து மன்றத்தில் விசாரிக்கவேண்டும். 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளின்படி உணவைத் தொடும் ஒவ்வொருவருக்கும் பயிற்சிச் சான்றும் டைபாய்டு ஊசியும் வேண்டும்; அன்றைக்கு மட்டும் உதவிக்கு வரும் மருமகனுக்கும் வேண்டும். ஜாக்கிமின் ஹலால் சான்றிதழ் இன்ன இடத்துக்கு என்று பெயர் குறித்தே கொடுக்கப்படுகிறது. கடைச் சுவரிலிருந்து கழற்றி லோரியில் மாட்டினால் அது லோரியின் சான்றிதழ் ஆகிவிடாது.

இடத்தை ஒரு நாள் முன்னதாக, விருந்து நடக்கும் அதே நேரத்தில் போய்ப் பார்க்கவேண்டும். திடல் ஈரமானால் லோரிச் சக்கரம் புதையும். கட்டடத்துக்குள் நிறுத்துவதானால் நுழைவாயில் உயரத்தையும், புகைக்குழாயோடு லோரியின் உயரத்தையும் அளக்கவேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை சகஜம். வரிசை நிற்குமிடத்துக்கும் கூடாரம் கேளுங்கள். “கரண்டு இருக்கிறது” என்று விருந்துக்காரர் சுவரிலுள்ள ஒரு பிளக்கைக் காட்டுவார். 13 ஆம்பியர் பிளக் ஒன்று ஏறக்குறைய 3,000 வாட்தான் தாங்கும். வெந்நீர்க் கலம் ஒன்றே அதை விழுங்கிவிடும். பிறகு ஐஸ் பெட்டிக்கும் விளக்குக்கும் எங்கே போவது? ஜெனரேட்டர் கொண்டு போங்கள். அதை ஜனங்கள் உட்காருமிடத்திலிருந்து தள்ளி, புகை போகும் திசை பார்த்து வையுங்கள்.

கேஸ் தோம்பு நிமிர்ந்து நிற்கவேண்டும்; சங்கிலியால் கட்டியிருக்கவேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். ஆகையால் மேலே ஜன்னல் திறந்திருக்கிறதென்று நிம்மதியடையாமல், லோரியின் தரை மட்டத்திலும் காற்றோட்டத் துவாரம் வைக்கவேண்டும். ஓடும்போது வால்வு மூடியிருக்கவேண்டும்.

விருந்து முடிந்ததும் கழுவிய தண்ணீரை அங்கேயே சாக்கடையில் ஊற்றிவிட்டு வருகிறவர்கள் உண்டு. கொழுப்பு உறைந்து சாக்கடை அடைத்துக்கொண்டால் மறு வருஷம் அந்த வாசலில் நமக்கு இடமில்லை. நல்ல தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டரோ, கழிவுத் தண்ணீர்த் தொட்டியும் அதற்குக் குறையாமல் இருக்கட்டும். பொரித்த எண்ணெய் ஆறியபின் டின்னில் திரும்பட்டும். பழைய எண்ணெய் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், லோரியின் டீசல் செலவில் ஒரு பகுதியாவது அதில் வரும்.