தகடூர்க் கரும்பும் காமாட்சியின் கரும்பு வில்லும்

தாய்த் தெய்வ வடிவங்களுள் காமாட்சி கரும்பு வில், மலர் அம்பு, பாசம், அங்குசம் ஏந்தியவள். இவற்றை முறையே மனம், ஐந்து தன்மாத்திரைகள், விருப்பு, சினம் என லலிதா சகசிரநாமம் விளக்குகிறது. உயிரைப் புலன்வழிச் செலுத்துவதும் மீட்பதும் அன்னையே என்பது இதன் உட்பொருள்.

பழந்தகடூராகிய தருமபுரியின் கோட்டைக் கோயிலில் அவள் கல்யாண காமாட்சியாக எழுந்தருளியுள்ளாள். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்நிலத்திற்குக் கொணர்ந்தனர் என்பது புறநானூற்றுச் (99) செய்தி. இவ்விரண்டையும் இணைத்து, கரும்பு வில்லைத் தகடூர் மரபின் எச்சமாகக் கொள்ளத் தோன்றும். அது பொருந்தாது. கரும்பு வில் காமனுக்கும் உரியது. காஞ்சிக் காமாட்சியும் அதனை ஏந்துகிறாள். குறியீட்டின் தோற்றம் வேறு. ஓர் ஊரின் நினைவு அதன்மேல் ஏற்றும் பொருள் வேறு. வட்டாரத் தெய்வ ஆய்வு இவ்விரண்டையும் பிரித்துணர்தல் வேண்டும்.