ஆரணியில் கம்ப்யூட்டர், தியாகராய நகரில் கை

முகூர்த்த மாதம் நெருங்கினால் சென்னை தியாகராய நகர்க் கடைகளிலிருந்து ஆரணிக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே ரகம்தான். "பார்டர்ல அந்த மயிலைக் கொஞ்சம் பெருசாக்குங்க, இன்னைக்கே காட்டணும்." டிசைன் போடுபவர் ஆரணியில் இருந்தால் அரை மணி நேர வேலை. அவரே புடவைக் கட்டோடு சென்னைக்கு வந்து, அந்தக் கடையின் வாசலில்தான் நிற்கிறார் என்றால்? ஃபைல் ஆரணியில், அதைத் திறக்கும் சாஃப்ட்வேரும் ஆரணியில். நடுவே ஏறக்குறைய 140 கிலோமீட்டர்.

ஃபைலை மெயிலில் வரவழைத்தாலும் வேலை முடியாது. ஜக்கார்டு டிசைன் சாஃப்ட்வேர்களில் பல, 'டாங்கிள்' என்ற விரல் அளவு யூஎஸ்பி பூட்டு செருகியிருக்கும் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்த காலத்தில் தாளைச் சுருட்டி பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம். டாங்கிளைக் கொடுத்தனுப்ப எந்த முதலாளியும் சம்மதிக்கமாட்டார். அதனால் கம்ப்யூட்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அதன் திரையை மட்டும் பிரவுசருக்குள் வரவழைத்துக்கொள்ளலாம்.

அங்கே திரையில் தெரிவது படமாக இங்கே வருகிறது. இங்கே நகர்த்தும் மவுஸும் தட்டும் விசையும் அங்கே போகின்றன. வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது. 1990களில் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வுக்கூடம் உருவாக்கிய வி.என்.சி. என்ற நிரல் செய்ததும் இதைத்தான். அப்போது இரண்டு பக்கமும் தனி மென்பொருள் நிறுவுவது வழக்கம். இப்போது பார்க்கும் பக்கத்துக்கு ஒரு பிரவுசர் போதும்.

தனி ஆளுக்கும் சின்ன கடைக்கும் எளிய வழி, கூகுளின் இலவச சேவையான குரோம் ரிமோட் டெஸ்க்டாப். ஆரணி கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து, கடைக்கென்று வைத்திருக்கும் கூகுள் கணக்கில் நுழையவேண்டும். முகவரிப் பட்டியில் ரிமோட்டெஸ்க்டாப் டாட் கூகுள் டாட் காம் என்று இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் அடித்து, 'ரிமோட் ஆக்சஸ்' பகுதிக்குப் போனால் டவுன்லோட் பொத்தான் இருக்கும். இறக்கி நிறுவியதும் கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் கேட்கும். 'டிசைன் ரூம்' என்று வைத்தால் பிறகு தேடவேண்டியதில்லை. அடுத்து குறைந்தது 6 இலக்கப் பின் எண். கடை போன் நம்பரின் கடைசி ஆறு இலக்கத்தை வைப்பவர்கள் உண்டு. அது விசிட்டிங் கார்டிலேயே அச்சாகியிருக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும். கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் கையோடு போட்டுவிடுவது நல்லது. அந்தக் கணக்குதான் இனி கடைச் சாவி.

நிறுவுவது பத்து நிமிடம். வெளியூரில் நிற்பவரைக் கைவிடுவது வேறு சமாச்சாரம்: கம்ப்யூட்டர் தூங்கிவிடும், அல்லது கரண்ட் போய்விடும். தூங்கும் கம்ப்யூட்டரை இந்தச் சேவையால் எழுப்ப முடியாது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் என்று போய், ஸ்லீப் நேரத்தை 'நெவர்' என்று மாற்றவேண்டும். மானிட்டர் அணைந்தால் பரவாயில்லை. லேப்டாப் என்றால், மூடியை மூடினாலும் தூங்காதபடி இன்னொரு அமைப்பு இருக்கிறது, அதையும் மாற்றவேண்டும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் என்றால் காலையில் போன கரண்ட் மதியம் தாண்டித்தான் வரும். யூபிஎஸ் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். அதிலும் பல இடங்களில் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் இருக்கும், பைபர் மோடம் சுவர் பிளக்கில் இருக்கும். கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தும் இணைப்பு அறுந்துவிடும். இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகவேண்டும். கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் சொல்லி, கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் மாற்றி வைக்கலாம். பெரும்பாலான டெஸ்க்டாப்களில் அந்த வசதி உண்டு. விண்டோஸ் அப்டேட்டுக்காகத் தானே அணைந்து எழுந்தாலும் கவலையில்லை. யாரும் லாகின் செய்யாத நிலையிலும் இந்தச் சேவை பின்னணியில் ஓடும். லாகின் திரையே பிரவுசரில் வந்து நிற்கும்.

விவரம் தெரிந்த யாராவது, "ரவுட்டரில் 3389ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டால் விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்பே போதுமே" என்பார். அது வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதற்குச் சமம். அந்தக் கதவு எங்கே திறந்திருக்கிறது என்று உலகம் முழுக்கத் துழாவிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. தவிர, விண்டோஸ் ஹோம் பதிப்புக்கு வெளியிலிருந்து அப்படி நுழையவும் முடியாது. கூகுள் சேவையில் கம்ப்யூட்டரே வெளியே போய்ப் பேசுகிறது; ரவுட்டரைத் தொடவேண்டியதில்லை.

இனி சென்னைப் பக்கம். எந்த லேப்டாப்பிலும் குரோமில் அதே கணக்கில் நுழைந்து, அதே முகவரிக்குப் போனால் 'டிசைன் ரூம்' தெரியும். கிளிக் செய்து பின் எண் கொடுத்தால் ஆரணித் திரை வந்துவிடும். போனிலும் முடியும், ஆனால் கட்டம் கட்டமாகத் திருத்தும் வேலைக்கு விரல் நுனி ரொம்பப் பெரிது. வலது ஓரத்து அம்புக்குறியைத் தொட்டால் முழுத்திரை, ஃபைலை ஏற்றுவது, இறக்குவது எல்லாம் ஒரு பலகையில் இருக்கும். முதல் சோதனையை ஊரிலேயே, பக்கத்து அறையில் உட்கார்ந்து போன் டேட்டாவில் செய்துபார்த்துவிட்டுக் கிளம்புவது உத்தமம்.

பட்டுக்காரர்களுக்கென்று ஓர் எச்சரிக்கை. வருவது சுருக்கப்பட்ட படம். நெட் மந்தமானால் முதலில் கலங்கலாக வந்து பிறகு தெளியும். ஜக்கார்டு டிசைனிலோ ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஒரு புள்ளி. புட்டாவின் ஓரத்தில் ஒரு கட்டம் பிசகியது கலங்கலில் தெரியாமல் போகும். தறியில் அது பளிச்சென்று நிற்கும். ஆகவே நன்றாகப் பெரிதாக்கி, படம் தெளியும்வரை காத்திருந்து திருத்தவேண்டும். நிறத்தையோ இந்தத் திரையில் முடிவு செய்யவே கூடாது. அரக்கும் குங்குமச் சிவப்பும் ஒவ்வொரு லேப்டாப்பிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். நிறத்துக்குச் சாயம் போட்ட பட்டு நூல் துண்டைக் கையில் வைத்துப் பேசுவதுதான் இன்றைக்கும் சரி.

இன்னொன்று: சென்னையில் செய்வதெல்லாம் ஆரணி மானிட்டரிலும் ஓடும். "அண்ணா, மவுஸ் தானா நவுருது" என்று கடைப் பையன் பதறிப் பிளக்கைப் பிடுங்கிவிட வாய்ப்பு உண்டு. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்து மானிட்டரை அணைக்கச் சொல்லலாம்.

ஒரே ஒருமுறை உதவி வேண்டும் என்றால் நிரந்தர இணைப்பு தேவையில்லை. அதே தளத்தின் 'சப்போர்ட்' பகுதியில் திரையைப் பகிர்பவருக்கு 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். ஒருமுறைதான் செல்லும், 5 நிமிடத்தில் காலாவதியாகும். எதிர்ப்பக்கத்தில் அதை அடித்த பிறகும், பகிர்பவர் சம்மதித்தால்தான் திரை தெரியும். அந்த எண்ணைக் கேட்டு வங்கியிலிருந்து போன் வந்தால், அது வங்கி அல்ல. எனிடெஸ்க் என்ற இதே வகைச் செயலியை நிறுவச் சொல்லிப் பணம் பறிப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. ஏமாந்துவிட்டால் உடனே இணைப்பைத் துண்டித்து, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கவேண்டும்.

நான்கைந்து கம்ப்யூட்டர் உள்ள பெரிய நிறுவனத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் பொருத்தமானது, இதேபோல் திரையைப் பிரவுசருக்குள் கொண்டுவரும் அப்பாச்சி குவாக்காமோலி. வெண்ணெய்ப்பழத் துவையலின் பெயர்தான். சிரிக்கவேண்டாம், காரியத்தில் கெட்டி. இலவசம், மூலநிரல் திறந்தது. அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் சர்வரில் நிறுவினால், யார் எந்தக் கம்ப்யூட்டரைத் தொடலாம் என்று ஒரே இடத்தில் வரையறுக்கலாம். ஆனால் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

வேலை முடிந்ததும் ஃபைலைச் சேமித்து, ஓரப் பலகையில் உள்ள கண்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் பொத்தானை அழுத்தி ஆரணிக் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு வெளியேறவேண்டும். லேப்டாப் விசைப்பலகையில் விண்டோஸும் 'எல்'லும் சேர்த்துத் தட்டினால் பூட்டிக்கொள்வது கையிலிருக்கும் லேப்டாப்பாகத்தான் இருக்கும். அந்த லேப்டாப் தியாகராய நகர்க் கடைக்காரருடையது என்றால் கூகுள் கணக்கிலிருந்தும் வெளியேறவேண்டும்.

பெரிதான மயில் இப்போது ஆரணிக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, தறிக்கு இன்னும் போகவில்லை. மின்னணு ஜக்கார்டு என்றால் பென் டிரைவில் ஏற்றிப் பெட்டியில் செருகவேண்டும். பழைய பெட்டி என்றால் அட்டையில் துளை போடவேண்டும். அதற்கு அந்தக் கடைப் பையனுக்குத்தான் போன் செய்தாகவேண்டும்.